வரித் தவிர்ப்பு, வரி ஏய்ப்பு: கோடு எங்கே விழுகிறது?

கேள்வி இதுதான்: சட்டப்படி வரியைக் குறைத்துக்கொள்வது, சட்டத்தை மீறி வரி ஏய்ப்பது, இரண்டிலும் அரசுக்குப் போக வேண்டிய பணம் போகாமல்தானே இருக்கிறது? அப்படியிருக்க ஒன்று உரிமை, இன்னொன்று குற்றம் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

எவ்வளவு வரி மிச்சமானது என்பதை வைத்துப் பிரிப்பதில்லை. நடந்ததை உள்ளது உள்ளபடி அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, “சட்டப்படி இதற்கு இவ்வளவுதான் வரி” என்று உங்களால் வாதாட முடிந்தால் அது தவிர்ப்பு. நடந்த ஒன்றை மறைத்தால்தான், அல்லது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால்தான் கணக்கு நிற்கும் என்றால் அது ஏய்ப்பு. முதலாவதில் சர்ச்சை சட்டத்தைப் பற்றியது, இரண்டாவதில் பொய் தகவலில் இருக்கிறது.

இரண்டு பேருக்கு ஆண்டு வருமானம் 100 என்று வையுங்கள். ஒருவர் 20ஐ, கழிவு தரப்படும் ஓய்வூதியத் திட்டம் ஒன்றில் போட்டு, மீதி 80க்கு வரி கட்டுகிறார். மற்றவர் 20ஐ ரொக்கமாக வாங்கி, கணக்கில் ஏற்றாமல் விட்டு, அவரும் 80க்கே வரி கட்டுகிறார். கட்டிய தொகை ஒன்றுதான். ஆனால் முதலாமவரின் படிவத்தில் 100 வந்ததும் இருக்கிறது, 20 எங்கே போனது என்பதும் இருக்கிறது. அந்த 20ஐ அவர் நினைத்தபோது எடுக்கவும் முடியாது. மக்கள் சேமிக்க வேண்டும் என்று அரசு விரும்பியது, அதற்கு விலையாக வரியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது. இது சட்டமன்றமே திறந்து வைத்த கதவு. இரண்டாமவரின் படிவத்திலோ வருமானம் 80 என்று இருக்கிறது. அந்த ஒரு எண்ணே பொய்.

தமிழில் இந்தச் சொற்களைப் பிரித்துப் பழகுவது நல்லது. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘ஏய்ப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நாடுகளே தங்களுக்குள் ‘இரட்டை வரிவிதிப்பு தவிர்ப்பு ஒப்பந்தம்’ செய்துகொள்கின்றன. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளிலும் முழு வரி கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள். தவிர்ப்பு என்ற சொல்லில் குற்றம் எதுவும் இல்லை. அதற்குள் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன: சட்டம் விரும்பித் தந்த சலுகையைப் பயன்படுத்துவது ஒன்று, சட்டத்தின் வாசகத்துக்குப் பொருந்தி, அதன் நோக்கத்துக்குப் பொருந்தாத ஏற்பாடுகளைக் கட்டுவது இன்னொன்று. சிக்கல் எல்லாம் இந்த இரண்டாவது அடுக்கில்தான்.

அந்த அடுக்கின் வரலாற்றைப் பார்த்தால் கோடு எப்படி நகர்ந்தது என்று புரியும். பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன், தன் தோட்டக்காரர் உள்ளிட்ட பணியாளர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதன்படி ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டார். வீட்டுப் பணியாளரின் கூலியை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது, பத்திரத்தின்படி தரும் தொகையைக் கழிக்கலாம் என்று அன்றைய சட்டம் இருந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1935இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தார்கள். தன் வரி குறையும் வகையில் தன் காரியங்களை அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்ற கொள்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுவது இந்த வழக்கிலிருந்துதான். கவனியுங்கள்: பத்திரம் உண்மையானது, பணமும் உண்மையில் கைமாறியது, எதுவும் மறைக்கப்படவில்லை.

அதே 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஈவ்லின் கிரெகரி என்பவருக்கு முழுச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் கையில், மானிட்டர் என்ற வேறொரு நிறுவனத்தின் 1,000 பங்குகள் இருந்தன. நேரடியாக எடுத்தால், நிறுவனம் பிரித்துத் தரும் லாபமாக (டிவிடெண்ட்) கருதப்பட்டு வரி அதிகம். எனவே 1928 செப்டம்பர் 18 அன்று ஆவெரில் என்றொரு புது நிறுவனம் தொடங்கப்பட்டது. மூன்று நாளில் பங்குகள் அதற்கு மாற்றப்பட்டன. செப்டம்பர் 24 அன்று அந்த நிறுவனம் கலைக்கப்பட்டு, பங்குகள் அவர் கைக்கு வந்தன. உடனே அவற்றை 1,33,333 டாலருக்கு விற்று, சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியை மட்டும் குறைந்த விகிதத்தில் கணக்கிட்டார். நிறுவன மறுசீரமைப்பில் கைமாறும் பங்குகளுக்கு வரி வேண்டாம் என்ற சட்டப் பிரிவின் ஒவ்வொரு சொல்லும் நிறைவேறியிருந்தது. ஆனாலும் ஆறு நாள் மட்டும் உயிரோடிருந்து, ஒரு வியாபாரமும் செய்யாத நிறுவனத்தை மறுசீரமைப்பு என்று ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். வரியைக் குறைக்கும் நோக்கம் இருந்ததாலேயே அவர் தோற்றார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நோக்கத்தில் தவறில்லை என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. சட்டம் எதற்குச் சலுகை தந்ததோ அந்தக் காரியம் உண்மையில் நடக்கவில்லை என்பதால்தான் தோற்றார்.

அவர் சிறைக்குப் போகவில்லை என்பதும் முக்கியம். தொடக்கம், கலைப்பு, விற்பனை என எல்லாமே ஆவணத்தில் வெளிப்படையாக இருந்தன. தோற்றவர் வரியைக் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தவிர்ப்பு தோற்றால் வரி, வட்டி, சில சமயம் அபராதம். தோற்றுப்போன தவிர்ப்பு தானாக ஏய்ப்பாகிவிடாது.

பிரிட்டனும் 1981இல் ராம்சே வழக்கில் தன் பழைய தாராளத்தைச் சுருக்கிக்கொண்டது. ஆதாயம் பெற்ற ஒரு நிறுவனம், அதைச் சமன்செய்யக் கடையில் பொருள் வாங்குவதுபோல ஒரு நட்டத்தை வாங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு கடன்கள் கொடுத்தது. ஒன்றின் மதிப்பு ஏறும், அந்த ஆதாயத்துக்கு வரி இல்லை. மற்றதன் மதிப்பு அதே அளவு இறங்கும், அந்த நட்டத்தைக் கழித்துக்கொள்ளலாம். பணம் புறப்பட்ட இடத்துக்கே சுற்றித் திரும்பிவிடும். ஒவ்வொரு படியையும் தனித்தனியே பார்க்காமல், முன்கூட்டியே கோத்துவைத்த மொத்தத்தையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார்கள் நீதிபதிகள். 2017இல் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகத்தின் வழக்கும் இந்த வழியில்தான் முடிந்தது. வீரர்களுக்குத் தர வேண்டிய பணம் ஓர் அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து ‘கடன்’ என்ற பெயரில் அவர்களிடம் வந்தது. அது சம்பளமே, சம்பள வரி உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சம்பளத்துக்குப் பதில் ‘கடன்’ தருகிறோம் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளோடு நிற்காமல், பல நாடுகள் ‘பொதுவான தவிர்ப்புத் தடை விதி’ ஒன்றைச் சட்டத்திலேயே எழுதிவிட்டன. ஆஸ்திரேலியா 1981இல், கனடா 1988இல், பிரிட்டன் 2013இல் கொண்டுவந்தன. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வாசகம் வேறுபட்டாலும் உள்ளே கேட்கப்படுவது ஏறத்தாழ ஒன்றே: வரிச் சலுகையை எடுத்துவிட்டால் இந்த ஏற்பாட்டை யாராவது செய்திருப்பார்களா? இல்லை என்பது பதிலானால், அந்த ஏற்பாடே இல்லாததுபோல் கருதி வரி போடலாம்.

இனி ஏய்ப்பு. அதன் வடிவங்கள் பழையவை: வருமானத்தைக் காட்டாமல் விடுவது, இரட்டைக் கணக்குப் புத்தகம், சரக்கே வராத போலி பில், வீட்டுச் செலவைத் தொழில் செலவாக எழுதுவது, சொத்தைப் பினாமி பெயரில் வைப்பது, பத்திரத்தில் விலையைக் குறைத்து மீதியை ரொக்கமாக வாங்குவது. புதிய வடிவம், விற்பனையைப் பதிவுசெய்த பிறகு பில்லிங் மென்பொருளே சில பில்களைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது. இதைத் தடுக்கவே கனடாவின் கியூபெக் மாகாணம் 2011இல் உணவகங்களில் ஒவ்வொரு பில்லையும் பூட்டிவைக்கும் தனிப் பெட்டியைக் கட்டாயமாக்கியது.

முன்தேதி போடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செய்பவர்கள் பலர் அதைக் குற்றமாகவே நினைப்பதில்லை. ஆண்டு முடிந்த பிறகு, “மார்ச்சிலேயே செய்திருக்கலாமே” என்று ஒரு தானப் பத்திரத்தையோ கடன் ஒப்பந்தத்தையோ பழைய தேதியில் எழுதுகிறார்கள். வரித் திட்டமிடல் என்பது காரியம் நடக்கும் முன் செய்வது. நடந்து முடிந்ததை மாற்றி எழுதினால் அது போலி ஆவணம். பிடிபடுவதும் எளிது. வெளிநாட்டு நிறுவனங்களின் பின்னால் இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்த ‘பனாமா ஆவணங்கள்’ கசிந்ததைத் தொடர்ந்து பாகிஸ்தானில் நடந்த விசாரணையில், 2006 பிப்ரவரி தேதியிட்ட ஓர் அறக்கட்டளைப் பத்திரம் தாக்கலானது. அது காலிப்ரி எழுத்துருவில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த எழுத்துரு பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததோ 2007இல். ஒரு எழுத்தின் வளைவே ஆவணத்தின் வயதைச் சொல்லிவிட்டது. இன்று கோப்பின் உள்தகவல், முத்திரைத்தாள் வாங்கிய நாள், மின்னஞ்சல் வரிசை என்று காட்டிக்கொடுக்க இன்னும் பல இருக்கின்றன.

மறைத்த வருமானத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரும்பாலும் வருமானத்தைத் தேடுவதே இல்லை, அதன் நிழலைத்தான் தேடுகிறார்கள். ஒரு காபிக் கடை 10,000 காகிதக் குவளை வாங்கியிருக்கிறது, கையிருப்பு 500, விற்றதாகக் காட்டியது 4,000 காபி. மீதி 5,500 குவளை எங்கே? உடைந்தது, கசங்கியது என்று சில நூறைச் சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. விற்பனைப் பக்கத்தைத் திருத்துபவர் கொள்முதல் பக்கத்தை மறந்துவிடுகிறார். கொள்முதல் பில்லோ சப்ளையரின் கணக்கிலும் இருக்கிறது.

தனி மனிதருக்கு நிகரச் சொத்து முறை. ஆண்டுத் தொடக்கத்தில் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் 20, முடிவில் 50. அந்த ஆண்டு குடும்பச் செலவு 12. அப்படியானால் கைக்கு வந்தது குறைந்தது 42. படிவத்தில் காட்டியது 15. மீதி 27 எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். பரம்பரைச் சொத்து, வாங்கிய கடன், அன்பளிப்பு எதுவானாலும் சரி, காகிதம் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் ஹாலந்து வழக்கில் இந்த முறையை ஏற்றது. அதற்கும் முன்பே, 1931இல் சிகாகோ குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது வரிக் குற்றத்துக்காகத்தான். சட்டவிரோத வருமானத்தை எப்படிக் கணக்கில் காட்டுவது என்ற வாதம் 1927லேயே அங்கே தோற்றிருந்தது. அந்த வருமானத்துக்கும் வரி உண்டு, படிவமும் தாக்கல் செய்ய வேண்டும் என்று சல்லிவன் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது.

அப்படியானால் தெரியாமல் செய்த தவறு? அது ஏய்ப்பல்ல. குற்றமாவதற்கு வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். 1991இல் சீக் என்ற விமானியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சட்டத்தை நேர்மையாகவே தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்தப் புரிதல் எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், வேண்டுமென்றே செய்ததாகாது. ஆனால் சட்டம் தெரிந்தும் ‘அது செல்லாது என்று நான் நம்புகிறேன்’ என்பது தப்பிக்கும் வழியாகாது. இந்த வேறுபாடு தண்டனையிலும் தெரியும். அமெரிக்காவில் கவனக்குறைவுக்கு அபராதம் 20 சதவீதம், மோசடிக்கு 75. இந்தியாவில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதம், திரித்துக் காட்டியதற்கு 200. பிரிட்டனில் சாதாரணமாக 4 ஆண்டு வரை பழைய கணக்கைத் திறக்கலாம், கவனக்குறைவானால் 6, வேண்டுமென்றே செய்திருந்தால் 20. காலம் கடந்தால் தப்பிவிடலாம் என்ற எண்ணம் ஏய்ப்பில்தான் மிகவும் பலவீனமானது.

அந்தக் கோட்டின் மேல் நடந்தவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று பார்க்க ஜெர்மனியின் கம்-எக்ஸ் விவகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டிவிடெண்ட் நாளை ஒட்டிப் பங்குகளை வேகவேகமாகக் கைமாற்றுவார்கள், யார் உடைமையாளர் என்பது குழம்பும், ஒரே ஒரு முறை கட்டிய வரிக்கு இரண்டு பேரோ அதற்கு மேலோ திருப்பித்தொகை கேட்பார்கள். ‘சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்தினோம்’ என்று வங்கியாளர்களும் வழக்கறிஞர்களும் பல ஆண்டுகள் சொன்னார்கள். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் அது வரி ஏய்ப்பே என்றது. இந்த ஏற்பாட்டின் முக்கிய ஆலோசகரான ஹன்னோ பெர்கர், தாமே ஒருகாலத்தில் வரி அதிகாரியாக இருந்தவர், 2022 டிசம்பரில் 8 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஏன் இது தவிர்ப்பாக ஏற்கப்படவில்லை? கட்டாத வரியைக் கட்டியதாகச் சொன்னதால். மேலே எவ்வளவு சிக்கலான கட்டடம் இருந்தாலும் அடியில் இருந்தது ஒரு பொய்.

வெளிநாட்டுக் கணக்கு பற்றியும் தவறான எண்ணம் உண்டு. வேறு நாட்டு வங்கியில் பணம் வைத்திருப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றமில்லை. அதையும் அதன் வட்டியையும் சொந்த நாட்டுப் படிவத்தில் காட்டாததுதான் குற்றம். ஏய்ப்புக்கு உதவியதாக ஒப்புக்கொண்டு, சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி 2009இல் அமெரிக்காவுக்கு 78 கோடி டாலர் கட்டியது. 2017 செப்டம்பரிலிருந்து வங்கித் தகவல்களை நாடுகள் தாமாகவே ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்ளத் தொடங்கின. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் தனி வரிச் சட்டம் உள்ள பகுதிகளும் அதில் இருக்கின்றன. கேட்டால்தான் தருவார்கள் என்ற காலம் போய்விட்டது.

பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தைக் குறைந்த வரி நாட்டுக்கு நகர்த்துவது பெரும்பாலும் தவிர்ப்பின் இரண்டாவது அடுக்கில் வரும். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ கட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இறுதியாகச் சொன்னபோதும், அதை ஏய்ப்பு என்று சொல்லவில்லை. அயர்லாந்து தந்த சலுகை சட்டவிரோத அரசு உதவி என்றுதான் சொன்னது. இதுபோன்றவற்றை அடைக்கவே, ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்ற உலக ஏற்பாடு வந்தது. சட்டப்படியானது என்பதாலேயே அது நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கட்டாமல் விட்ட வரியின் சுமை, திட்டமிட வசதியில்லாத சம்பளக்காரர் தலையில்தான் விழுகிறது. ஆனால் அதற்கு மருந்து சட்டத்தைத் திருத்துவது, குற்றம் இல்லாததைக் குற்றம் என்பதல்ல.

சரி, உங்கள் முன் ஒரு திட்டத்தை ஒருவர் வைக்கிறார். எதைப் பார்க்க வேண்டும்? பணம் உங்களைவிட்டு உண்மையிலேயே போகிறதா, சுற்றித் திரும்பி வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். தானம் கொடுத்ததில் 90 சதவீதம் ரொக்கமாகத் திரும்புகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ரசீது அச்சடித்த நிமிடமே அது ஏய்ப்பு. திட்டத்தில் ஏதாவது அபாயம் உண்டா? லாபமும் நட்டமும் முன்பே எழுதப்பட்டிருந்தால் அது ராம்சேயின் உறவு. கட்டணம், மிச்சமாகும் வரியில் இத்தனை சதவீதம் என்று இருந்தாலோ, ‘வெளியே சொல்லக் கூடாது’ என்று கையெழுத்துக் கேட்டாலோ, எச்சரிக்கையாக இருங்கள். பிரிட்டனில் 2004 முதல் இப்படிப்பட்ட அடையாளங்கள் உள்ள திட்டங்களை விற்பவர்களே வரித்துறைக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும்.

காகிதத்தில் எழுதியபடியே நடந்துகொள்வதில்தான் நேர்மையானவர்களும் சறுக்குகிறார்கள். மனைவிக்குச் சம்பளம் என்று எழுதினால் அவர் வேலை செய்திருக்க வேண்டும், பணம் அவர் கணக்குக்குப் போயிருக்க வேண்டும், தொகை அந்த வேலைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். குடும்பக் கடன் என்றால் வட்டி, தவணை, திருப்பிய தேதி எல்லாம் வங்கிப் பதிவில் தெரிய வேண்டும். தீர்மானமும் ஒப்பந்தமும் அந்தந்த நாளிலேயே எழுதப்பட வேண்டும். ஆடிட்டரின் ஆலோசனையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது காப்பாற்றுவது அவரிடம் முழு உண்மையையும் சொல்லியிருந்தால் மட்டுமே. ரொக்க வரவை அவரிடம் மறைத்துவிட்டு, “ஆடிட்டர்தான் போட்டுக்கொடுத்தார்” என்றால் எடுபடாது. படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

ஏற்கெனவே தவறு நடந்துவிட்டிருந்தால், நோட்டீஸ் வருமுன் திருத்திய படிவம் தாக்கல் செய்வதுதான் வழி. தாமாக முன்வந்து சொல்பவருக்குப் பல நாடுகள் அபராதத்தைக் குறைக்கின்றன. ஜெர்மனியில் சரியாகச் செய்தால் வழக்கே இல்லாமல்கூடப் போகும். ஆனால் பாதி மட்டும் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பேயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத் தலைவராக இருந்த உலி ஹோனஸ், 2013 ஜனவரியில் தம் சுவிஸ் கணக்கைப் பற்றித் தாமாகவே தெரிவித்தார். ஆனால் தந்த விவரம் முழுமையாக இல்லை என்பதால் அது செல்லவில்லை. 2014 மார்ச்சில், 2.85 கோடி யூரோ ஏய்த்ததற்காக மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எனவே முன்வந்து சொல்வதென்றால், எல்லா ஆண்டுகளுக்கும், எல்லாக் கணக்குகளுக்கும் வங்கி அறிக்கைகளைத் திரட்டி முடித்து, வழக்கறிஞரோடு உட்கார்ந்து தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகே தாக்கல் செய்யுங்கள். வட்டியோடு கட்டுவதற்கான பணத்தையும் அதற்கு முன்பே ஒதுக்கி வையுங்கள்.